விடுவிக்கப்பட்டவர்களைப் பற்றி நாம் பேசும் விதம்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 15:36–41, 2 தீமோத்தேயு 4:9–11





ஆடுகளத்தில் ஒரு பந்துகூட வீசப்படாத மாதங்களில்தான் நம் ஊரில் கிரிக்கெட்டைப் பற்றிய பேச்சு மிகவும் சூடுபிடிக்கிறது. எந்த அணி யாரைத் தக்கவைத்தது, யாரை விடுவித்தது, யாரைக் கொடுத்து யாரை வாங்கியது என்பவை நவம்பர் தொடங்கி அடுத்த ஐ.பி.எல். பருவம் பிறக்கும்வரை ஓய்வதில்லை. தறிக்கூடத்தில் இரவுப் பணி முடித்து வருகிற தம்பிமாரும், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செருப்பை மாட்டிக்கொள்கிற வாலிபரும், பேருந்துக்குக் காத்து நிற்கிற பெரியவர்களும் ஒரே வாக்கியத்தைச் சொல்லக் கேட்கிறோம்: "அவனை விட்டுப்போட்டு இவனை எடுத்திருக்கோணும்." இந்த வாரம் அந்த வாக்கியத்தைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

சபையின் மூத்தோர் சிலர் இதனை வீண்பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கு ஓர் அணி 125 கோடி ரூபாய்க்குள் அதிகபட்சம் 25 வீரரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களுள் வெளிநாட்டவர் எண்மருக்கு மேல் இருத்தலாகாது. இந்த வரம்புகளுக்குள் தொடக்க ஆட்டக்காரர் யார், சுழற்பந்து வீச்சுக்கு யார், காயம்பட்டவருக்கு மாற்று யார் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல அறிவுப் பயிற்சி. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதை நம் ஆண்டவரே எடுத்துக்காட்டாகக் கூறினார் (லூக்கா 14:28). தனக்கு ஒரு காசும் வராத காரியத்தில் ஒருவன் அவ்வளவு கருத்தாய்க் கணக்கிடுவது, அவன் ஓர் அணியை நேசிக்கிறான் என்பதற்கு அடையாளம். நேசம் பாவமன்று.

ஆகையால் விவாதத்தை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. அந்த விவாதத்தில் நம் நாவு எதைப் பழகிக்கொள்கிறது என்று கவனிக்கும்படியே கேட்கிறேன்.

நாம் அறிந்த நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. அந்தத் தோல்வியின் பின்விளைவாக நவம்பர் 15ஆம் நாள் ஒரு பெரிய பரிமாற்றம் அறிவிக்கப்பட்டது. ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் தலைவராயிருந்த சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கு வந்தார். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றார்கள். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது.

இது சரியா, தவறா? கணக்கின்படி சரி என்பதே என் கருத்து. சென்னை அணியின் முன்வரிசை மட்டையாட்டம் அந்தப் பருவத்தில் தளர்ந்திருந்தது. 44 வயதாகிவிட்ட தோனிக்குப் பின் விக்கெட் காப்பதற்கு ஒருவரைத் தேட வேண்டிய காலமும் வந்துவிட்டது. சாம்சன் இவ்விரு குறைகளையும் ஒருங்கே நிரப்பக்கூடியவர். ஜடேஜாவைவிட ஏறத்தாழ ஆறு வயது இளையவர். அதே வேளையில், நான்கு ஓவர் சிக்கனமாக வீசி, பின்வரிசையில் ஓட்டம் சேர்த்து, களத்தில் பாய்ந்து தடுக்கிற ஒருவரை இழந்ததோடு கரனையும் சேர்த்துக் கொடுத்தது மிகையான விலை என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. இரு பக்கமும் நேர்மையாக வாதாடலாம்.

ஆனால் நம் வாதம் அங்கே நிற்பதில்லை. "அவனுக்கு வயசாயிருச்சு", "இனி அவன் எதுக்கும் ஆகமாட்டான்", "போனது பீடை விட்டது" என்று அது இறங்குகிறது. யாரைப் பற்றி? 2012 முதல் 12 பருவங்கள் நம் அணிக்காக ஆடியவரைப் பற்றி. 2023ஆம் ஆண்டு அகமதாபாதில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையைப் பெற்றுத் தந்தவரைப் பற்றி. தோனி அவரைத் தூக்கிக்கொண்ட காட்சியைக் கண்டு நள்ளிரவுக்குப் பின்னும் வெடி வெடித்தவர்கள் நாம்தானே!

அதே 2023ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. சேப்பாக்கத்தில் ஜடேஜா மட்டையோடு நிற்கையில், அடுத்து வரவேண்டிய தோனியைக் காணும் ஆவலில், அவர் ஆட்டமிழக்க வேண்டுமென்று ரசிகர்கள் ஆரவாரித்தார்கள். தான் முன்னதாக இறங்கினால் தான் ஆட்டமிழப்பதற்காகவே கூட்டம் காத்திருக்கும் என்னும் பொருளில், ஆட்டத்துக்குப் பின் அவரே சிரித்தபடி சொன்னார். சிரிப்போடு சொன்னதால் அது வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. தன் சொந்தக் கூட்டம் தன் வீழ்ச்சிக்குக் காத்திருப்பதை அறிந்துகொண்டே ஒருவன் உழைப்பது எளிதன்று. உங்கள் பணியிடத்தில் அப்படி உழைத்தவர்கள் உங்களுள் இருப்பீர்கள். நான் எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

வீரர்களை இடம் மாற்றும் இந்த வழக்கம் அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அங்கே கர்ட் பிளட் என்னும் கறுப்பின வீரர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக அவரும் 12 பருவங்கள் ஆடியிருந்தார். 1969ஆம் ஆண்டு அவருடைய சம்மதத்தைக் கேளாமலே அணி அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவரோ போக மறுத்தார். விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தான் ஓர் உடைமைப் பொருள் அல்ல என்னும் கருத்தில் ஆட்டத்தின் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். பிறகு வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் அந்தப் போராட்டத்தோடு முடிந்தது. ஆனால் 1975ஆம் ஆண்டின் இறுதியில் வேறு இரு வீரர்களின் வழக்கில் வழி திறந்தது. அவர்களுக்குப் பின்வந்தவர்கள் தாங்கள் ஆடும் அணியைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பெற்றார்கள்.

ஐ.பி.எல். விதிகளிலும் பரிமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் தேவை. ஆனாலும் வீரர் தாமாக வேறோர் அணியோடு பேரம் பேசலாகாது. அப்படிப் பேசியதற்காக 2010ஆம் ஆண்டு ஒரு பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டவர் வேறு யாருமல்லர், அன்று 21 வயது இளைஞராயிருந்த இதே ஜடேஜாதான். அவரைப் பிறர் விலை பேசலாம். அவர் தமக்கென்று பேசலாகாது. கோடிகளைப் பெறுகிறவருக்கு இதில் என்ன வருத்தம் என்று கேட்பீர்களாகில், தாம் பெற்ற பெரிய ஊதியம் தம்மை உடைமைப் பொருளாக்குவதில்லை என்பதே கர்ட் பிளட்டின் பதிலாயிருந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கிறேன்.

விலையைப் பற்றிப் பல்லடத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலை நாள்தோறும் நம் ஊரிலிருந்துதான் அறிவிக்கப்படுகிறது. நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை. கோழி அதே கோழிதான். வரத்தும் தேவையும் மாறுவதால் விலை மாறுகிறது. ஏலத்தில் நிற்கிற மனிதருக்கும் இதுவே நடக்கிறது. 2025 டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்தியாவுக்காக இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞரை நம் அணி தலா 14 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த அடிப்படை விலை 30 லட்சம். ஏலம் முடிந்த அன்று அவர்கள் காலையில் இருந்ததைவிட நாற்பது மடங்கு சிறந்த ஆட்டக்காரராகிவிடவில்லை. இரு அணிகளுக்கு ஒரே தேவை இருந்தது, கையும் மாறிமாறி உயர்ந்தது, அவ்வளவே. நாளை அவர்கள் இரண்டு ஆட்டங்களில் தடுமாறினால், 14 கோடியைச் சொல்லியே அவர்களை நாம் வதைப்போம். அந்த விலையை அவர்கள் கேட்டு வாங்கவில்லை என்பதையும் மறந்துபோவோம்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜனை நினைத்துப் பாருங்கள். தந்தை நெசவுக்கூடத்தில் கூலிக்கு உழைத்தவர். தாய் சாலையோரத்தில் கடை நடத்தியவர். நம் திருப்பூர் தமிழன்ஸ் அணிக்காகவும் டி.என்.பி.எல். போட்டிகளில் ஆடியவர். 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு வாங்கி, ஒரே பருவத்தில் விடுவித்தது. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு பருவங்கள் வெளியே உட்கார்ந்திருந்தார். 2020இல் 16 விக்கெட்டுகளை வீழ்த்தி, அதே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆஸ்திரேலியாவில் அறிமுகமானார். 2024 நவம்பரில் டெல்லி அணி அவருக்குக் கொடுத்தது 10 கோடியே 75 லட்சம். மூன்று கோடி, நாற்பது லட்சம், ஏறத்தாழ பதினொரு கோடி: இந்த மூன்றில் எது நடராஜன்? நாற்பது லட்சத்தின் நாள்களில் அவரைப் பற்றித் தேநீர்க் கடையில் என்ன பேசியிருப்போம்?

இன்னும் ஒரு சொல் உண்டு: விலைபோகாதவர். 2022 பிப்ரவரி ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது ஒரு கையும் உயரவில்லை. சென்னை அணிக்காக அதுவரை எல்லோரையும்விட அதிக ஓட்டங்கள் குவித்தவர், 'சின்ன தல' என்று நாம் கொண்டாடியவர், அவர்தாம். 2024 நவம்பர் ஏலத்தில் உர்வில் படேல், டெவால்ட் பிரெவிஸ், ஆயுஷ் மாத்ரே ஆகிய மூவரும் அப்படியே விடப்பட்டார்கள். ஏலம் முடிந்த இரண்டாம் நாள் உர்வில் 28 பந்துகளில் சதமடித்தார். பருவத்தின் நடுவில், காயம்பட்டவர்களுக்கு மாற்றாக அந்த மூவரும் ஒருவர்பின் ஒருவராய்ச் சென்னை அணிக்கு அழைக்கப்பட்டார்கள். கடைசி இடத்துக்குச் சரிந்துகொண்டிருந்த அணியில் நமக்கு மகிழ்ச்சி தந்த சில மாலைகள் அவர்களால் வந்தவை.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத் தோட்டத்து எஜமான் பதினோராம் மணி வேளையிலும் கடைத்தெருவுக்குப் போகிறான். நாள் முழுதும் நின்றவர்களிடம் காரணம் கேட்கிறான். யாரும் எங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று அவன் சொல்லவில்லை, அழைத்துக்கொண்டு போகிறான். விலைபோகாமல் நின்றதற்கான காரணம் நின்றவனிடம் மட்டும் இருப்பதில்லை.

ஆட்டத்தைப் பற்றி ஒரு போதகர் இவ்வளவு எழுதுவானேன் என்று நினைக்கலாம். நாவு ஆடுகளத்தில் பழகுவதை வீட்டிலும் பேசும் என்பதனாலேதான்.

2025 ஆகஸ்ட் 27ஆம் நாளை நினைவுகூருங்கள். அஸ்வின் ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்த நாள் அது. அதே நாளில்தான் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா விதித்த 50 விழுக்காடு வரி நடைமுறைக்கு வந்தது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதிக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை அங்கே வேலைக்குப் போய்வருகிற நம் குடும்பங்கள் அறியும். ஆர்டர் குறைந்தது, ஷிப்ட் குறைந்தது, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அலுவலக அறைகளில் பட்டியல் எழுதப்பட்டது. அந்தப் பட்டியலில் பெயர் இடம்பெற்றவருடைய வீட்டில், "வயசாயிருச்சு, அனுப்ப வேண்டியதுதான்" என்னும் சொற்கள் எப்படி ஒலிக்கும்? நாம் ஜடேஜாவைப் பற்றிச் சொன்ன அதே சொற்கள் அவை. ஜடேஜா நம் பேச்சைக் கேட்கப்போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற, தறி ஓட்ட இனி இயலாத, வருமானம் நின்றுபோன நம் தகப்பனார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சபையிலும் இதுவே நடக்கிறது. ஆயர்களின் இடமாற்றப் பட்டியல் வரும் காலத்தில் நடக்கும் பேச்சைக் கேட்டால் அதுவும் ஏலக்கூடத்தின் பேச்சுத்தான்: இவர் பிரசங்கம் நீளம், அவரை நமக்குக் கேட்டு வாங்கலாம், இவரை எங்காவது அனுப்பிவிடட்டும். பாடகர் குழுவில் குரல் தளர்ந்த அக்காவையும், முப்பது ஆண்டுகளாய் ஞாயிறு பள்ளியில் கற்பித்து இப்பொழுது மறதி கண்டுள்ள அண்ணனையும் பற்றி அதே நாவு அதே தீர்ப்பைச் சொல்கிறது. மாற்றங்கள் தேவைப்படலாம், நான் அதை மறுக்கவில்லை. குரல் தளர்ந்தவருக்கு ஓய்வு கொடுப்பதும், புதியவரை அழைப்பதும் சபையின் கடமையே. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு ஒரு நன்றிச்சொல் இல்லாமல், முதுகுக்குப் பின் ஒரு கேலியோடு அது நடக்குமானால், நாம் அவர்களுக்குச் செய்தது அநியாயம்.

இன்றைய தியானப் பகுதியில் இத்தகைய விவாதம் ஒன்று இருக்கிறது. மாற்கு என்னும் யோவான் முதல் பயணத்தில் பம்பிலியாவில் பவுலை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிப்போனான். அடுத்த பயணத்துக்கு அவனையும் அழைத்துப்போக வேண்டும் என்றார் பர்னபா. கூடாது என்றார் பவுல். கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். பவுல் சீலாவோடு வேறு திசையில் புறப்பட்டார். லூக்கா இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். யார் சொன்னது சரி என்று தீர்ப்பும் கூறவில்லை. பயணம் கடினமானது, பாதியில் திரும்பினவனை நம்பலாகாது என்ற பவுலின் கணக்கில் நியாயம் இருந்தது.

ஆண்டுகள் கடந்தன. சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரும்படியும், ஊழியத்தில் அவன் தமக்கு மிகவும் உதவியாயிருப்பான் என்றும் பவுல் சொல்கிறார். ஒருகால் விடுவித்தவரையே அவர் பெயர் சொல்லிக் கேட்கிறார். பவுலின் முதல் முடிவு கடுமையாயிருந்தது; ஆயினும் மாற்கு திரும்பிவரக் கூடாதபடி அவர் தம் வார்த்தையால் கதவை அடைத்துவிடவில்லை. அதற்கிடையில் பர்னபா அவனை ஏற்றுக்கொண்டிருந்தார். ஒரு சபைக்குக் கணக்கிடத் தெரிந்த பவுல் தேவை. விடுவிக்கப்பட்டவனைத் தன்னோடு கப்பலில் ஏற்றிக்கொள்ளும் பர்னபாவும் தேவை. நம்மிடையே முதலாமவர் பலர் இருக்கிறோம்; இரண்டாமவர் குறைவு.

பிரியமானவர்களே, இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, அணியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். ஆனால் ஆட்டத்தை மட்டும் எடைபோடுங்கள், ஆளை "எதுக்கும் ஆகாதவன்" என்று சொல்லாதிருங்கள். அது நமக்குத் தெரியாத காரியம். இரண்டாவது, ஒருவரை அனுப்ப வேண்டும் என்று சொல்லும் முன், அவர் செய்த ஒன்றை நன்றியோடு சொல்லுங்கள். பிறகும் அனுப்ப வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்போது குரலின் தொனி மாறியிருக்கும். மூன்றாவது, வேலையிலிருந்தோ பொறுப்பிலிருந்தோ விடுவிக்கப்பட்ட ஒருவரை இந்த வாரத்தில் அவர் வீட்டுக்குச் சென்று பாருங்கள். அறிவுரை வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அவர் கிரிக்கெட் ரசிகராயிருந்தால், சாம்சனா ஜடேஜாவா என்று கேளுங்கள். அந்த விவாதத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, மனிதர் எங்களுக்கு விலை குறிக்கும் நாளிலும், ஒருவரும் எங்களை வேண்டாத நாளிலும், நீர் எங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறீர். எங்கள் நாவைக் காத்தருளும். வேலையை இழந்து இந்த வாரம் கலங்கி நிற்கும் குடும்பங்களை நினைத்தருளும். அவர்களுக்குப் பர்னபாக்களாக எங்களை அனுப்பியருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.